வடிவமும் விடுதலையும்: ஜீத் குன் தோ என்னும் கலப்புப் போர்க்கலையின் தோற்றமும் மெய்யியலும்

இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் போர்க்கலை பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று உறுப்பினர் சிலரேனும் வினவக்கூடும். அவ்வாறு வினவுவோர்க்குப் புறநானூற்றை நினைவூட்டுவது தமிழாசிரியர் வழக்கம். நானும் அதற்கு விலக்கல்லேன். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்திய காட்சியைச் சாத்தந்தையார் 80ஆம் பாடலில் பாடுகிறார். ஒரு கால் எதிராளியின் மார்பில் ஊன்றியதும், மற்றொரு கால் அவனது உத்தியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்ததும் வரை அவர் கண் சென்றிருக்கிறது. அதே வீரன்மேல் காதல் கொண்டு பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். போர்க்கலையைப் புலவர் கூர்ந்து நோக்கிய மரபு நம்முடையது என்பதற்கு இவ்வளவு போதும்.

ஆயினும் இக்கட்டுரைக்கு உண்மையான காரணம் வேறு. நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் இளங்கவிஞர் ஒருவர், யாப்பைக் கற்றால் கவிதை கெட்டுவிடும், கற்காமலிருப்பதே விடுதலை என்றார். இருபதாண்டுகளாக யாப்பிலக்கணம் நடத்தி வருபவள் என்ற முறையில் நான் எழுந்து மறுத்தேன். சொன்ன விடை அவரை நிறைவு செய்யவில்லை. என்னையும் நிறைவு செய்யவில்லை. வீடு திரும்பும் பேருந்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர், எதிர்பாராத வகையில், புரூஸ் லீ. முடிதிருத்தகச் சுவர்களில் அவர் படத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பன்னிரண்டாம் வயதில் பள்ளித் திடலில் இரண்டாண்டு கராத்தே பயின்ற எனக்கு அவர் ஒரு நடிகராகவே அறிமுகமானார். அவர் ஒரு போர்க்கலையை உருவாக்கினார் என்பதும், உருவாக்கிய கையோடு அதற்குப் பெயரிட்டதற்காக வருந்தினார் என்பதும், பிற்பாடு நூல்களின் வழியே தெரியவந்தவை. அந்த வருத்தத்தின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

கலப்பின் வகை

பல மரபுகளைக் கலந்து புதிய போர்க்கலை காண்பது லீயிடம் தொடங்கியதன்று. 1898ஐ ஒட்டிய ஆண்டுகளில் பார்ட்டன்-ரைட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ஜப்பானிய ஜுஜுட்சுவையும் குத்துச்சண்டையையும் கைத்தடிச் சண்டையையும் இணைத்து லண்டனில் கற்பித்தார். தம் பெயரின் முதற்பகுதியையே சேர்த்துப் பார்ட்டிட்சு என்று பெயரும் வைத்தார். சோவியத் ஒன்றியத்தில் 1930களில் சாம்போ உருவாயிற்று. ஹவாய்த் தீவில் 1940களின் இறுதியில் ஐவர் கூடி அமைத்த காஜுகென்போவின் பெயரே கராத்தே, ஜூடோ, ஜுஜுட்சு, கென்போ, சீனக் குத்துமுறை ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்த மாலை. இவையெல்லாம் கூட்டற்கணக்கைச் சேர்ந்தவை. ஒன்றில் இல்லாததை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்புவது அவற்றின் நெறி.

ஜீத் குன் தோவையும் இவ்வரிசையில் வைப்பதே வழக்கம். கான்டனீசு மொழியில் ஜீத் என்பது இடைமறித்தல். குன் என்பது கைமுட்டி. தோ என்பது வழி. இடைமறிக்கும் கைமுட்டியின் வழி என்று பெயர்க்கலாம். விங் சுன் என்னும் தென்சீன முறையும், மேலைக் குத்துச்சண்டையும், ஐரோப்பிய வாள்வீச்சும் அதில் கலந்துள்ளன என்பது உண்மை. ஆனால் லீ இதனைக் கலவை என்று சொல்லப்படுவதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை அறிய அவர் கற்ற முறையைச் சிறிது பின்தொடர வேண்டும்.

கற்றதும் கற்பித்ததும்

லீ ஜுன் ஃபான் என்னும் இயற்பெயருடைய புரூஸ் லீ 1940 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தந்தை லீ ஹோய் சுவென் கான்டனீசு இசைநாடக நடிகர். குழுவோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது இம்மகன் பிறந்தான். தாய் கிரேசு ஹோ சீனக் குருதியும் ஐரோப்பியக் குருதியும் கலந்தவர். வளர்ந்தது ஹாங்காங்கில். பதின்மூன்றாம் வயதளவில் யிப் மான் என்னும் ஆசானிடம் விங் சுன் கற்கச் சேர்ந்தார். யிப் மான் (1893–1972) போஷான் நகரைச் சேர்ந்தவர். சீனத்தில் ஆட்சி மாறியபோது ஹாங்காங் வந்து, பிழைப்புக்காகக் கற்பிக்கத் தொடங்கியவர்.

விங் சுன்னின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் கதை பெண்களைப் பற்றியது. இங்கு மூய் என்ற பௌத்தத் துறவினி, தன்னை வலிந்து மணக்க வந்த முரடனிடமிருந்து தப்ப வழிதேடிய யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்கு இதனைக் கற்பித்தார் என்றும், அவள் பெயரே கலைக்கு ஆயிற்று என்றும் கூறுவர். இதனை வரலாறாகக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் கதை பிறந்த காரணம் கலையின் அமைப்பிலேயே தெரிகிறது. உடல் வலியை நம்பாமல், தன் நடுக்கோட்டைக் கையால் காத்து, மிகக் குறைந்த தொலைவை நேர்கோட்டில் கடக்கும் முறை அது. தடுப்பும் தாக்குதலும் அதில் ஒரே அசைவில் நிகழும். ஒட்டும் கைகள் எனப்படும் பயிற்சியில் இருவர் முன்கைகளைப் பொருத்தி, கண்ணை நம்பாமல் தோலின் உணர்வாலேயே மற்றவர் கருத்தை அறியப் பழகுவர். எங்கள் பள்ளித் திடலில் இத்தகைய பயிற்சி ஒன்று இருந்திருந்தால் நான் கராத்தேயை இரண்டாண்டில் விட்டிருக்கமாட்டேனோ என்று நினைப்பதுண்டு.

ஐந்தாண்டளவு இதனைப் பயின்ற லீ முழுப் பாடத்தையும் முடிக்கவில்லை. இடையில் 1958இல் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியிலும், அதே ஆண்டு சா-சா நடனப் போட்டியிலும் வென்றார். நடனத்தை ஆய்வாளர் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது சரியன்று. விங் சுன் பெரும்பாலும் நின்ற நிலையில் நிகழ்வது. லீயின் பிற்காலக் கலையில் காணும் இடைவிடாத காலடி அசைவுக்குக் குத்துச்சண்டைக்கும் வாள்வீச்சுக்கும் தருகின்ற கடனில் ஒரு பங்கை நடனத்துக்கும் தரவேண்டும்.

1959இல் அவர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். (சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியதும் அவ்வாண்டே. தொடர்பு ஏதுமில்லை, இருவேறு உலகங்களில் மரபின் கதவு தட்டப்பட்ட ஆண்டு ஒன்றாயிருப்பதைக் குறித்துவைக்க விரும்பினேன்.) சியாட்டில் நகரில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டு படிப்பைத் தொடர்ந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நாடகமும் மெய்யியலும் பயின்றார், பட்டம் பெறவில்லை. அங்கே அவரிடம் முதலில் கற்க வந்தவர் ஜெசி குளோவர் என்னும் கறுப்பினத்தவர். அடுத்து வந்தோருள் டாக்கி கிமுரா என்பவர் ஜப்பானிய வழியினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசால் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். பத்தொன்பது வயது ஆசானிடம் கற்க வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. சீனர் தம் கலையைச் சீனரல்லாதார்க்குக் கற்பிப்பது அரிதாயிருந்த காலத்தில் லீயின் வகுப்பு இத்தகையோரால் நிறைந்தது. 1963இல் அவர் சியாட்டிலில் பள்ளி நடத்தினார். சீனக் குங்ஃபூ பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஓக்லாந்தில் ஜேம்சு யிம் லீயுடன் சேர்ந்து இரண்டாம் பள்ளி. கற்பித்த கலைக்கு அப்போது தம் பெயரையே சூட்டி, ஜுன் ஃபான் குங்ஃபூ என்றார். அது பெருமளவு விங் சுன்னே.

ஒரு சண்டையும் அதன் பின்விளைவும்

1964இன் இறுதியில், ஓக்லாந்துப் பள்ளியின் மூடிய கதவுகளுக்குள், வோங் ஜாக் மான் என்னும் வடசீன முறை வல்லுநருடன் லீ மோதினார். மூன்று நிமிடத்தில் லீ வென்றார் என்பது அவர் துணைவியார் லிண்டாவின் கூற்று. இருபது நிமிடத்துக்கு மேல் நீண்டது, முடிவு தெளிவில்லை என்பது எதிர்த்தரப்பின் கூற்று. சீனரல்லாதார்க்குக் கற்பிப்பதை நிறுத்தச் சொல்லி வந்த அறைகூவல் என்பார் ஒரு சாரார். லீயின் மேடைப்பேச்சே வம்பை வளர்த்தது என்பார் மற்றொரு சாரார். எட்டுத்தொகைப் பாடலின் திணை துறையைப் பற்றி உரையாசிரியர் இருவர் மாறுபடுவதைக் கண்டு பழகிய நமக்கு இது புதிதன்று.

வரலாற்றுக்கு வேண்டியது வென்றவர் பெயரன்று. அச்சண்டைக்குப் பின் லீ மனநிறைவு கொள்ளவில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதிராளி பின்வாங்கி ஓடியபோது துரத்திச் செல்லத் தம் கலையில் வழியில்லை என்பதையும், தமக்கு மூச்சிரைத்தது என்பதையும் அவர் உணர்ந்தார். இருவர் எதிரெதிரே நெருங்கி நிற்பர் என்ற எடுகோளின்மேல் அமைந்த விங் சுன், ஒருவர் அவ்வாறு நிற்க மறுத்தபோது திகைத்தது. கலை நன்கு விடையளித்தது, ஆனால் அது விடையளித்த கேள்வி அன்று கேட்கப்படவில்லை. வெற்றிக்குப் பின் தம் கலையை ஐயுறுவோர் மிகச் சிலர். லீயின் வாழ்வில் நான் மதிக்கும் இடம் இதுவே.

அதன்பின் அவர் படித்தவை பெரிதும் மேலை நூல்கள். ஜாக் டெம்சியின் 1950ஆம் ஆண்டுக் குத்துச்சண்டை நூலிலிருந்து, உடலின் எடை முழுவதையும் முன்னடியோடு சாயவிட்டுக் குத்தும் முறையை எடுத்துக்கொண்டார். வாள்வீச்சை, அதில் தேர்ந்த அண்ணன் பீட்டரிடமிருந்து இளமையிலேயே ஓரளவு அறிந்திருந்தார். இப்போது ஆல்டோ நாடி முதலியோரின் நூல்களை அடிக்கோடிட்டுப் படித்தார். குத்துச்சண்டையில் வலக்கையர் இடக்கையை முன்வைத்து, வலிய கையைப் பின்னே சேமித்து வைப்பர். வாள்வீச்சிலோ ஆயுதம் ஏந்திய கையே முன்னிற்கும். லீ இரண்டையும் சேர்த்தெண்ணி, வலிய கையையும் வலிய காலையும் முன்னே கொண்டுவந்தார். இலக்குக்கு மிக அண்மையிலுள்ள உறுப்பே வாள்முனை என்றாகிவிட்டது. காலுக்கு முன் கை நகரவேண்டும் என்ற விதியும் வாள்வீச்சினுடையது. கால் முதலில் நகர்ந்தால் கருத்து வெளிப்பட்டுவிடும்.

கலையின் பெயர் பிறந்ததும் வாள்வீச்சிலிருந்தே. எதிராளி தாக்கத் தொடங்கும்போது, அத்தாக்குதல் முடிவதற்குள் அவனைத் தைத்துவிடும் உத்தி ஒன்று ஐரோப்பிய வாள்வீச்சில் உண்டு. தடுத்துவிட்டுப் பின் தாக்குவது இரண்டு செயல். தாக்குதலாலேயே தடுப்பது ஒரு செயல். ஒருநாள் காரில் சென்றுகொண்டிருந்தபோது இவ்வுத்தி பற்றிய பேச்சிலேயே பெயர் பிறந்தது என்று லீயின் மாணவர் டான் இனோசாண்டோ நினைவுகூர்ந்துள்ளார். பெயர் 1967இல் வழக்குக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் சீனர் குடியிருப்பில் மூன்றாம் பள்ளி திறக்கப்பட்டதும் அவ்வாண்டே.

இடைமறித்தலில் படிகள் உண்டு. எதிராளியின் கை பாதி வழி வந்தபின் மறிப்பது ஒன்று. அவன் தோள் அசையும்போதே மறிப்பது அதனினும் நுண்ணியது. அவன் மனத்தில் எண்ணம் திரண்டு, உடல் அதற்கு இசையுமுன் மறிப்பது இறுதிப்படி. இவ்விடத்தில் உடற்பயிற்சி முடிந்து மெய்யியல் தொடங்கிவிடுகிறது. மற்றவன் எண்ணத்தைக் காண வேண்டுமானால் பார்ப்பவன் மனத்தில் அடுத்து இதைச் செய்வேன் என்ற முன்முடிவு இருத்தலாகாது. மனப்பாடமான வரிசை எதுவும் அப்போது இடையூறே.

கழித்தல்

எதையெல்லாம் சேர்த்தார் என்று இதுகாறும் கூறினேன். லீ தாமே பேச விரும்பியது கழித்தலைப் பற்றி. சிற்பி களிமண்ணை அப்பிக்கொண்டே போவதில்லை, வேண்டாதவற்றைச் செதுக்கி எறிகிறான் என்னும் ஒப்புமையை அவர் பலகாலும் கையாண்டார். கற்போர்க்கு நாள்தோறும் கூடும், வழியில் நிற்போர்க்கு நாள்தோறும் குறையும் என்னும் லாவோட்சுவின் கருத்து அதன் பின்னே உள்ளது. கராத்தேயில் கட்டா எனப்படும் அசைவுத் தொடர்களை அவர் தம் பள்ளியிலிருந்து நீக்கினார். பட்டை வண்ணங்களும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளியில் ஒரு சிறிய கல்லறை மாதிரி வைக்கப்பட்டிருந்தது. மாணவர் ஒருவரைக் கொண்டு அவரே செய்வித்தது. ஒரு காலத்தில் நெகிழ்ந்து ஓடிய மனிதன் ஒருவன் பழைய வடிவங்களுக்குள் திணிக்கப்பட்டு மாண்டான் என்ற பொருள்பட அதில் எழுதப்பட்டிருந்தது. வழியின்மையையே வழியாகக் கொள்வது பற்றிய சீன வாசகம் கலையின் சின்னத்தைச் சுற்றி அமைந்தது.

அக்கல்லறையைப் பற்றி முதன்முதல் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அசை, சீர், தளை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, வெண்பாவுக்குத் தளை தட்டாமல் பார்த்துக்கொள்ளும் மாணவரை உருவாக்கி, அவருள் கவிஞர் எத்தனை பேர் என்று எண்ணத் துணியாதவள் நான்.

நாம் உரிமை கொண்டாடும் இடமும் உண்மையான தொடர்பும்

சீனப் போர்க்கலை என்றவுடன் தமிழர் போதிதருமரை நினைப்பர். காஞ்சியிலிருந்து சென்ற இளவரசர் சாவோலின் மடத்தில் போர்க்கலையைக் கற்பித்தார் என்ற செய்தி மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது. 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப்பின் அது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகவே ஆகிவிட்டது. அவர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகர் என்னும் குறிப்பும் உண்டு. அவரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் கதையோ 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து தொடங்குவது. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறாண்டு பிற்பட்டது. சீன ஆய்வாளரே சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் இதனை மறுத்துவிட்டனர். போதிதருமரிடமிருந்து லீக்கு வந்த கொடை கைமுட்டியின் வழியாக வரவில்லை. தியானம் என்ற வடசொல் சீனத்தில் சானாகி, ஜப்பானில் சென்னாகி, சுசுகி, ஆலன் வாட்சு ஆகியோரின் ஆங்கில நூல்களாகி அவர் மேசைக்கு வந்தது. நிலவைச் சுட்டும் விரலை நிலவென்று கொள்ளாதே என்னும் உவமையும், கரையேறியபின் தெப்பத்தைத் தலையில் சுமக்காதே என்னும் புத்தரின் உவமையும் அவ்வழியே அவர் எழுத்தில் இடம்பெற்றன. தெப்பத்தின் இடத்தில் அவர் தம் கலையின் பெயரையே வைத்தார்.

நம் மண்ணோடு ஐயத்துக்கிடமற்ற தொடர்பு ஒன்று உண்டு. அது மேடைகளில் பேசப்படுவதில்லை. 1970 ஆகஸ்டில் எடைப்பயிற்சியின்போது லீயின் கீழ்முதுகு நரம்பு பழுதுற்றது. பல மாதம் படுக்கை. இனி உதைக்க இயலாது என்றனர் மருத்துவர். அப்போது ஊன்றிப் படித்து, பல குறிப்பேடுகளை நிரப்பினார். அவற்றில் மிகுதியாகக் காணப்படுபவருள் ஒருவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1895இல் அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியில் பிறந்து, 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் கண்ணிற்பட்டு, அன்னி பெசண்ட் அம்மையாரால் உலக குருவாக வளர்க்கப்பட்டவர். அவருக்காகவே 1911இல் ‘கிழக்கின் விண்மீன்’ என்ற அமைப்புத் தோன்றியது. 1929 ஆகஸ்டு 3 அன்று, ஹாலந்தின் ஓமன் நகரில், ஏறத்தாழ மூவாயிரம் உறுப்பினர் முன்னிலையில், உண்மைக்குப் பாதையில்லை, அதை எந்த அமைப்பாலும் அடைவிக்க முடியாது என்று விளக்கி அவ்வமைப்பைக் கலைத்தார். வந்த சொத்துகளைத் தந்தவரிடமே திருப்பினார். சென்னை வசந்த விகாரில் 1986 ஜனவரியில் பேசியது அவரது இறுதிப் பொழிவு.

லீயும் தம் மூன்று பள்ளிகளை மூடினார். மாணவர் கற்றதை உண்மை என்று பற்றிக்கொள்வர், பெயரை வழியென்று மயங்குவர் என்ற அச்சமே காரணம். கிருஷ்ணமூர்த்தியைப் படித்ததால் மூடினார் என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். ஆண்டுகள் அதற்கு இடம் தரவில்லை. பள்ளிகளை மூடியது 1970இன் தொடக்கம். படுக்கையில் ஊன்றிப் படித்தது அதன் பிற்பகுதி. தாம் செய்துவிட்ட ஒன்றை நாற்பதாண்டுக்கு முன்பே வேறொருவர் வேறொரு துறையில் செய்திருந்ததை அவர் படுக்கையிலிருந்து கண்டார். தனித்து நின்றவர்க்கு அக்காட்சி எத்தகைய துணையாயிருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

இங்குப் பாடத் திறனாய்வு பற்றி ஒரு சொல். லீ 1973 ஜூலை 20 அன்று, முப்பத்திரண்டாம் வயதில், ஹாங்காங்கில் மறைந்தார். அவர் குறிப்பேடுகள் தொகுக்கப்பட்டு ‘ஜீத் குன் தோவின் தாவோ’ என்னும் நூலாக 1975இல் வெளிவந்தன. அவை அச்சுக்கென எழுதப்பட்டவையல்ல. படித்த நூல்களிலிருந்து தமக்காகப் பெயர்த்தெழுதிய பகுதிகள் பல, மூலம் சுட்டப்படாமல், அவர் சொற்களாகவே அச்சேறிவிட்டன. கிருஷ்ணமூர்த்தியின் தொடர்கள் மட்டுமன்றி, வாள்வீச்சு, குத்துச்சண்டை நூல்களின் பகுதிகளும் அவ்வாறே. இதனைத் திருட்டு என்பார் பேதையர். ஏட்டின் ஓரத்தில் எழுதிய குறிப்பு மூலத்துள் நுழைந்து பாடமாகிவிடுவதை ஓலைச்சுவடியில் கண்ட நாம், இதன் இயல்பை எளிதில் அறிவோம். லீயின் மெய்யியலை அந்நூலின் தனித்தனித் தொடர்களில் தேடுவதைவிட, எவற்றைத் தேர்ந்து பெயர்த்தெழுதினார் என்பதில் தேடுவதே முறை. தம் கைப்பட 1971 செப்டம்பரில் ஓர் அமெரிக்கப் போர்க்கலை இதழில் எழுதிய கட்டுரை இதனினும் உறுதியான சான்று. மரபுக் கராத்தேயிலிருந்து விடுதலை பெறுமாறு கூறும் அக்கட்டுரையில், தாம் புதிய பாணி எதனையும் கண்டுபிடிக்கவில்லை என்று வற்புறுத்துகிறார்.

வாரிசுகள்

அவ்வாறாயின் ஜீத் குன் தோவைக் கற்பிப்பது எங்ஙனம்? அவர் மறைவுக்குப்பின் மாணவரிடையே எழுந்த பூசல் இதுதான். இனோசாண்டோவின் வழிநிற்போர், லீ நமக்குத் தந்தது தேடும் முறையே, ஆகவே தேடலைத் தொடர்வோம் என்று பிலிப்பைன்சின் காலி, தாய்லாந்துக் குத்துச்சண்டை, தென்கிழக்காசியச் சிலாட் என்று விரிந்து சென்றனர். டெட் வோங் முதலியோர், லீ இறுதிவரை செதுக்கி வைத்த நேர்குத்தும் காலடியும் காக்கப்படவேண்டும் என்றனர். முன்னவர் கலையின் கருத்தைக் காத்து உருவத்தை விட்டனர். பின்னவர் உருவத்தைக் காத்தபோது அதுவே மற்றொரு மரபாயிற்று. 1996இல் இரு சாராரும் லீயின் குடும்பத்தாரோடு கூடி ஒரே குழுவாக அமைய முயன்றனர். 2002இல் அக்குழு கலைந்தது. கலப்புப் போர்ப்போட்டிகளுக்கு லீயே தந்தை என்று இந்நாளில் கூறப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அப்போட்டிகள் விதிகளால் அமைந்தவை. அவர் கவலை வேறு.

நான் இப்பூசலில் எப்பக்கம் என்று கேட்டால், இரு பக்கத்தாரும் கவனிக்காத ஒன்றைச் சுட்டுவேன். மூன்று நிலைகளைப் பற்றி லீ பேசுவார்: கற்குமுன் குத்து வெறும் குத்தே, கற்கும்போது அது வெறும் குத்தன்று, கற்றுத் தெளிந்தபின் மீண்டும் வெறும் குத்தே. மலையையும் ஆற்றையும் வைத்துச் சொன்ன பழைய சென் கூற்றின் மறுவடிவம் இது. நடு நிலையைக் கடக்காமல் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குத் தாவலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. வடிவங்களை எறிந்தவருக்கு எறிவதற்கு ஐந்தாண்டு விங் சுன் இருந்தது. ஒட்டும் கைகளில் பழகிய தோலின் உணர்வு, பள்ளியை மூடியபின்னும் அவர் கையைவிட்டுப் போகவில்லை. பின்னர் வந்த மாணவருள் சிலர் எறிதலை மட்டும் கற்றனர்.

நம் இளங்கவிஞருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவாகலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புள் ‘விருந்து’ என ஒன்றை வைத்தார். புதிதாகப் புனையப்படும் யாப்புக்கு அப்பெயர். புதுமைக்கு இலக்கணமே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. வசன கவிதை எழுதிய பாரதிக்கு வெண்பாவும் விருத்தமும் கைவந்தவை. ஆனால் இவ்வளவும் சொன்னபின் அவர் திரும்பக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: நடு நிலையில் எத்தனை ஆண்டு நிறுத்தி வைப்பீர்கள், அம்மா? அங்கேயே மாண்டவர்களுக்குத்தானே அந்தக் கல்லறை? இதற்கு என்னிடம் விடையில்லை. இவ்வாண்டு முதல் யாப்பிலக்கண வகுப்பில், தளை பிரிக்கக் கொடுக்குமுன், மாணவரை ஒரு வெண்பாவையேனும் வாய்விட்டுப் பலமுறை சொல்லவைக்கிறேன். செவி முதலில் அறியட்டும் என்று எண்ணம். பயன் தெரிய இன்னும் சில ஆண்டு ஆகும்.

டாக்கி கிமுராவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். லீயின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் அவர். லீ கற்பிக்கும் உரிமை அளித்த மூவருள் ஒருவர். லீ புகழின் உச்சிக்குச் சென்றபோதும், மறைந்தபின் அவர் பெயர் பெரும் வணிகமானபோதும், கிமுரா சியாட்டிலில் தம் மளிகைக்கடையின் அடித்தளத்தில் ஒரு சிறு குழுவுக்குக் கற்பித்து வந்தார். விளம்பரம் இல்லை. கற்பித்தது பிற்காலத்து ஜீத் குன் தோ அன்று. 1960களின் தொடக்கத்தில் லீ தமக்குக் கற்பித்த, விங் சுன்னுக்கு அண்மையிலிருந்த ஜுன் ஃபான் குங்ஃபூவே. அதே நகரின் ஏரிக்காட்சிக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள லீயின் கல்லறையைத் துப்புரவாக வைத்துப் பேணுவதையும் பல்லாண்டு தம் பணியாகக் கொண்டிருந்தார். 2021 ஜனவரியில், தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார்.